மனச்சிதைவு, மறதி, மூளை ஸ்கேன்: குமரி மாவட்டக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மனச்சிதைவு நோய்க்கு, அதாவது ஸ்கிசோஃப்ரினியாவுக்கு, மருந்து சாப்பிடுகிறவர்களின் வீடுகளுக்குப் போய்வருவது என் வேலை. ஆரல்வாய்மொழியில் இருந்து களியக்காவிளை வரை எந்த ஊருக்குப் போனாலும் பேச்சு கடைசியில் இரண்டு இடத்தில் வந்து நிற்கும். ஒன்று, "சொன்னது எதுவும் அவனுக்குத் தலையில் நிற்கவில்லை." இன்னொன்று, "மூளையை ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் என்ன?" இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு. அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டுவிட்டேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுப் போவதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

எனக்க மவனுக்கு சத்தம் கேக்கது மாத்திரையில நின்னாச்சு. மறதி மட்டும் போவல்ல. இதும் அந்த நோய்தானா?

ஆமாம், இதுவும் அந்த நோயின் பகுதிதான். காதில் குரல் கேட்பது, யாரோ தனக்கு எதிராகச் சதி செய்வதாக நினைப்பது எல்லாம் வெளியே தெரிகிற அறிகுறிகள். கவனம், நினைவு, ஒரு வேலையைத் திட்டமிட்டு முடிக்கும் திறன் ஆகியவையும் கூடவே குறைகின்றன. பல பேருக்கு இந்தக் குறைவு குரல் கேட்கத் தொடங்கும் முன்பே வந்துவிடுகிறது. "பத்தாம் வகுப்பு வரை நல்லாப் படிச்சவன், பிளஸ் டூவில் திடீர்னு மார்க் விழுந்திடுச்சு" என்று பெற்றோர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

மாத்திரைகள் குரலையும் சந்தேகத்தையும் நன்றாகக் கட்டுப்படுத்துகின்றன. மறதியில் அவற்றின் பலன் மிகக் குறைவு. ஆனால் ஒருவர் திரும்ப வேலைக்குப் போவாரா, படிப்பைத் தொடர்வாரா என்பதில் இந்த மறதிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதனால் இதை இரண்டாம் பட்சமாக விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பத்து வருசத்துக்கு முந்தி நடந்ததெல்லாம் சொல்லுகான். இப்ப சொன்னது மறந்து போச்சுங்கான். நடிக்கானோ?

நடிக்கவில்லை. நினைவு ஒரே வகை கிடையாது. பழைய சம்பவங்களை வைத்திருப்பது ஒன்று. இப்போது காதில் விழுந்ததைச் சில வினாடிகள் பிடித்துவைத்து, அதை வைத்துக்கொண்டே ஒரு வேலை செய்வது வேறு. இதைத்தான் செயல் நினைவு என்கிறார்கள், டாக்டர்கள் வொர்க்கிங் மெமரி என்பார்கள். "மூணு சாயா, அதுல ஒண்ணுக்கு சீனி வேண்டாம், ஒரு பழம்பஜ்ஜி" என்று கேட்டதை அடுப்படி வரை கொண்டுபோவது இந்த நினைவு. நம் எல்லோருக்குமே ஒரே நேரத்தில் மூன்று நான்கு விஷயங்களுக்கு மேல் இதில் நிற்பது கடினம். நோய் உள்ளவருக்கு அந்த இடம் இன்னும் சுருங்கிவிடுகிறது.

குலசேகரம் பக்கம் ஒரு அப்பாவும் மகனும் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். மகன் பால்வெட்டுவதைப் பார்த்தால் நோய் இருப்பதாகவே தெரியாது. பட்டையில் கத்தி சரியான ஆழத்தில் போகிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. ரப்பர் பாலை அரித்து, டிஷ் என்கிற தட்டில் ஊற்றி, தண்ணீர் சேர்த்து, பால் உறைய ஆசிட் விட்டுக் கலக்க வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான். மறுபடி டிஷ்ஷைப் பார்க்கும்போது ஆசிட் விட்டாச்சா, இல்லையா என்று தெரியாமல் நிற்பான். கத்தி பிடிப்பது கைப்பழக்கம், அதற்கான நினைவு வேறு. எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைத் தலையில் வைத்திருப்பதுதான் செயல் நினைவு. அப்பாவுக்கு இது விளங்காத வரை அந்த இடத்தில் தினமும் சண்டைதான்.

இது மூளையில உள்ள குறைன்னு எப்படிக் கண்டுபிடிச்சாவ?

முதல் தடயம் கிடைத்தது குரங்குகளிடம். அமெரிக்காவில் பாட்ரிசியா கோல்ட்மன்-ராக்கிச் என்ற நரம்பியல் அறிஞரின் குழு குரங்குகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தது. திரையில் ஒரு மூலையில் புள்ளி ஒன்று மின்னி மறையும். சில வினாடி காத்திருந்து, புள்ளி இருந்த திசையில் கண்ணைத் திருப்ப வேண்டும். நெற்றிக்குப் பின்னால், மேல்பக்கவாட்டில் உள்ள மூளைப்பகுதியில் சில நரம்பணுக்கள் அந்தக் காத்திருக்கும் நேரம் முழுக்க விடாமல் துடித்துக்கொண்டிருந்தன. கண் முன்னே புள்ளி இல்லை, ஆனால் அணுக்கள் அதைப் பிடித்துவைத்திருந்தன. 1989இல் வந்த இந்தக் கண்டுபிடிப்பு செயல் நினைவு மூளையில் எப்படி நிற்கிறது என்பதைக் கண்ணால் காட்டியது போல ஆயிற்று.

1992இல் சோஹீ பார்க், பிலிப் ஹோல்ஸ்மன் இருவரும் கிட்டத்தட்ட அதே சோதனையை மனச்சிதைவு உள்ளவர்களிடம் செய்தார்கள். புள்ளி கண்ணெதிரே இருக்கும்போது அவர்கள் சரியாகவே பார்த்தார்கள். புள்ளி மறைந்து சில வினாடி இடைவெளி வந்ததும் தவறுகள் கூடின. கண்ணிலும் கோளாறு இல்லை, சொன்னது புரியாமலும் இல்லை. மறைந்த ஒன்றை மனதில் பிடித்துவைப்பதுதான் தடுமாறியது. "வேணும்னே செய்யான்" என்று சொல்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் சோதனையைத்தான். வேண்டுமென்றே செய்கிறவர், புள்ளி தெரியும்போது மட்டும் ஏன் சரியாகச் செய்ய வேண்டும்?

அப்போ ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சிடுமில்லியா?

தெரியாது. இதில்தான் நிறையக் குடும்பங்கள் பணத்தை விடுகின்றன. 1976இல் ஈவ் ஜான்ஸ்டோன் குழு இங்கிலாந்தில் சி.டி. ஸ்கேன் வைத்துப் பார்த்தபோது, நாள்பட்ட மனச்சிதைவு உள்ளவர்களின் மூளைக்குள் இருக்கும் நீர் அறைகள் சராசரியாகப் பெரிதாக இருந்தன. பிறகு வந்த எம்.ஆர்.ஐ., அதாவது காந்தத்தை வைத்துப் படம் எடுக்கும் ஸ்கேன் ஆய்வுகளும் அதை உறுதிசெய்தன. ஆனால் "சராசரியாக" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஆண்கள் சராசரியாகப் பெண்களைவிட உயரம். அதற்காக ஒருவர் ஐந்தரை அடி என்று மட்டும் சொன்னால் அவர் ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. மூளைப் படமும் அப்படித்தான். நூறு பேரை நூறு பேரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். உங்கள் மகனின் ஒரு படத்தை வைத்து நோய் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது.

அப்படியானால் டாக்டர் சில பேருக்கு ஸ்கேன் எழுதுவது ஏன்? வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்யத்தான். காய்ச்சலோடு திடீரென்று குழப்பம், வலிப்பு, தலையில் அடி, கை கால் பலவீனம், வயதான பிறகு முதல்முறையாக வரும் அறிகுறி இப்படி ஏதாவது இருந்தால் கட்டி, மூளைக்காய்ச்சல் போன்றவை இல்லை என்று பார்த்தாக வேண்டும். அந்த நேரத்தில் ஸ்கேனைத் தள்ளிப்போடவே கூடாது.

எம்.ஆர்.ஐ. எடுத்தோம், நார்மல்னு எழுதியிருக்கு. பிறகு எதுக்கு மாத்திரை? திருவனந்தபுரத்துல போய் எடுத்தா வேற வருமா?

படம் இன்னும் தெளிவாக வரலாம், பதில் மாறாது. மேலே சொன்ன காரணத்தால் மனச்சிதைவு உள்ள பெரும்பாலானவர்களுக்கு ரிப்போர்ட் நார்மல் என்றுதான் வரும். கட்டி இல்லை, பழைய அடி இல்லை என்பதுதான் அதன் அர்த்தம். நோய் இல்லை என்று அது சொல்லவில்லை. அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்தி, சில மாதத்தில் நோய் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ.ன்னு ஒண்ணு உண்டாமே? அதுல என்ன செய்வாவ?

கருவி அதேதான். சாதாரண எம்.ஆர்.ஐ. மூளையின் அமைப்பைப் படம் பிடிக்கிறது. இது மூளை வேலை செய்யும்போது ரத்தத்தில் ஏற்படும் மாற்றத்தைப் படம் பிடிக்கிறது. ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாயும். ஆக்சிஜன் உள்ள ரத்தமும் இல்லாத ரத்தமும் காந்தப்புலத்தில் வேறுவேறு மாதிரி நடந்துகொள்ளும். 1990இல் செய்ஜி ஒகாவா இதைக் காட்டினார், இரண்டே வருடத்தில் மனித மூளையில் இதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். எக்ஸ்ரே கதிர் இல்லை, ஊசி தேவையில்லை.

உள்ளே படுத்ததும் தலையைச் சுற்றி ஒரு கூண்டு மாதிரி மாட்டுவார்கள். கண்ணுக்கு மேலே சின்னக் கண்ணாடி இருக்கும், அதில் திரை தெரியும். சத்தம் பலமாக இருப்பதால் காதை அடைத்துவிடுவார்கள். கையில் ஒரு பட்டன். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வரும்: க, ம, த, ம, ப. இரண்டு எழுத்துக்கு முன்னால் வந்ததே மறுபடி வந்தால் பட்டனை அழுத்த வேண்டும். இங்கே நான்காவதாக வந்த "ம"வுக்கு அழுத்த வேண்டும். சும்மா வாசித்துப் பார்க்கும்போது எளிதாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு எழுத்து வரும்போதும் பழையதைத் தள்ளி, புதியதை ஏற்றி, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சாயாக்கடையிலும் ரப்பர் டிஷ்ஷிலும் கேட்கப்படுகிற அதே வேலைதான் இது. இரண்டிரண்டு வினாடிக்கு ஒருமுறை கருவி முழு மூளையையும் படம் எடுத்துக்கொண்டே இருக்கும்.

நெத்திப்பக்க மூளை வேலையே செய்யாதுன்னு யூடியூப்ல ஒருத்தர் சொன்னாவ. உள்ளதா?

பாதி உண்மை. 1974இல் சுவீடனில் இங்வார், ஃப்ரான்சேன் என்ற இருவர் மூளைக்குள் ரத்த ஓட்டத்தை அளந்து, நாள்பட்ட நோயாளிகளுக்கு முன்பகுதியில் ஓட்டம் குறைவு என்றார்கள். 1986இல் டேனியல் வைன்பெர்கர் குழு இன்னும் நுட்பமாகச் செய்தது. விதி மாறிக்கொண்டே இருக்கும் ஒரு சீட்டு அடுக்கும் சோதனையைக் கொடுத்து அளந்தபோது, மற்றவர்களுக்கு நெற்றிக்குப் பின்னால் ஓட்டம் கூடியது, நோயாளிகளுக்குக் கூடவில்லை. "முன்மூளை தூங்குகிறது" என்ற பேச்சு அங்கிருந்துதான் பரவியது.

ஆனால் ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. வந்த பிறகு இந்தக் கதை மாறியது. 1999இலும் 2000த்திலும் டாரா மனோவாக், ஜோசப் காலிகாட் ஆகியோரின் குழுக்கள் செய்த ஆய்வுகளில், நோயாளிகளின் முன்மூளை மற்றவர்களைவிட அதிகமாக வேலை செய்தது. தூக்கமெல்லாம் இல்லை, அதிகப் பாடுபட்டுக் குறைந்த பலன் பெறுகிறது. குடும்பங்களுக்கு நான் இதைத்தான் அழுத்திச் சொல்வேன். நாம் சோம்பல் என்று நினைக்கும் நேரத்தில் அந்த மூளை நம் மூளையைவிடக் கடுமையாக உழைத்துக்கொண்டிருக்கலாம். ஒரு சின்ன வேலை முடித்ததும் அவர் போய்ப் படுத்துக்கொள்வதை இப்படிப் பாருங்கள்.

ஒரு ஆய்வுல கூடுதல், இன்னொண்ணுல குறைவு. ரெண்டும் எப்படி சரியாக இருக்கும்?

கல்லூரியில் உளவியல் படிக்கும் ஒரு மாணவி கேட்டது, நல்ல கேள்வி. எல்லோருக்குமே, மனதில் வைத்திருக்க வேண்டியது கூடக்கூட முன்மூளையின் செயல்பாடு ஏறும். ஒரு அளவுக்கு மேல் சுமை போனால் தாங்காமல் மறுபடி இறங்கிவிடும். மனச்சிதைவில் இந்த ஏற்ற இறக்கம் முன்கூட்டியே நடக்கிறது என்பது ஒரு முக்கியமான விளக்கம். எளிய சோதனையில், இரண்டு பேருமே சரியாகச் செய்யும்போது, நோயாளியின் மூளை அதிகமாக உழைக்கிறது. கடினமான சோதனையில் மற்றவர்களுக்கு இன்னும் ஏறிக்கொண்டிருக்கும், நோயாளிக்கு இறங்கத் தொடங்கிவிடும். ஆக, எந்த அளவு கடினமான சோதனை கொடுத்தார்கள், அவர் எத்தனை சரியாகச் செய்தார் என்று பார்க்காமல் கூடுதல், குறைவு என்று மட்டும் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

இந்த விளக்கத்தோடு எல்லாம் முடிந்துவிடவும் இல்லை. முன்மூளை தனியாக வேலை செய்வதில்லை. தலையின் மேல்பின்பக்கப் பகுதியோடும் உள்ளே இருக்கும் மையங்களோடும் அது சேர்ந்து இயங்க வேண்டும். அந்தத் தொடர்புகளிலும் வித்தியாசம் காணப்படுகிறது. நரம்பணு அளவில் பார்த்தால், முன்மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் அளவும், துடிப்பை ஒழுங்குபடுத்தும் தடுப்பு நரம்பணுக்களின் குறையும் பேசப்படுகின்றன.

இதெல்லாம் மாத்திரை சாப்பிட்டதால வந்ததா இருக்கக்கூடாதா?

நியாயமான சந்தேகம். ஆனால் மாத்திரையே தொடங்காத, புதிதாக நோய் வந்தவர்களிடமும் செயல் நினைவுக் குறைவு இருக்கிறது. நோயே இல்லாத கூடப்பிறந்தவர்களிடமும் லேசாக இருக்கிறது. ஆகவே மாத்திரையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

ஒரு மாத்திரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். விறைப்பு, கை நடுக்கம் குறைய டிரைஹெக்ஸிஃபெனிடில் கொடுப்பார்கள். அது நினைவை மங்கச் செய்யக்கூடியது. தேவையில்லாத காலத்திலும் பழைய சீட்டையே காட்டி வாங்கிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. நீங்களாக நிறுத்த வேண்டாம். "இது இன்னும் வேணுமா டாக்டர், மறதி கூடுதலா இருக்கு" என்று அடுத்த ஓ.பி.யில் கேளுங்கள். ஸ்கேன் கேட்பதைவிட இந்த ஒரு கேள்வி பயன் தரும்.

அண்ணனுக்கு உண்டு. தம்பிக்கும் வருமோ? அவனுக்கு ஸ்கேன் எடுத்து வச்சா முன்னாடியே தெரியுமா?

பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாக வருகிற நோய் இது. கூடப்பிறந்தவருக்கு இருந்தால் அந்த வாய்ப்பு சுமார் 9 சதவீதம் என்று பழைய குடும்ப ஆய்வுகள் சொல்கின்றன. திருப்பிப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு வருவதில்லை. 2003இல் காலிகாட் குழு ஆரோக்கியமான கூடப்பிறந்தவர்களின் முன்மூளையிலும் அதே கூடுதல் உழைப்பைப் பார்த்தது. நோய் வராத தம்பிக்கும் அந்தப் படம் வரலாம் என்றுதான் அதற்குப் பொருள். அதனால் ஸ்கேன் முன்னறிவிப்பு ஆகாது. தம்பியைக் கஞ்சாவுக்குப் பக்கத்தில் போக விடாதீர்கள், அது நோய் வரும் அபாயத்தைக் கூட்டுகிறது. தூக்கம், பேச்சு, பழக்கம் மாறினால் சீக்கிரம் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

படத்துல செவப்பா தெரியுத இடம்தான் நோய் உள்ள இடமா?

இல்லை. அந்த நிறம் கணினி பூசுவது. இரண்டு நிலைகளுக்கு இடையே எங்கே வித்தியாசம் தற்செயல் இல்லை என்று கணக்கு சொல்கிறதோ அங்கே நிறம் வரும். பல பேருடைய படங்களைச் சேர்த்து வருவதுதான் பெரும்பாலும் நாம் பத்திரிகையில் பார்ப்பது. இன்னொன்று, உள்ளே தலை ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் அசைந்தாலே கணக்கு கெடும். பதற்றத்தில் இருக்கும் நோயாளிகள் அதிகம் அசைவதால் அசைவே நோயாகத் தோன்றும் ஆபத்து உண்டு. நல்ல ஆய்வுகள் இதைச் சரிபார்த்துத்தான் வெளியிடும்.

ஊனமுற்றோர் சான்றிதழுக்கு ஸ்கேன் ரிப்போர்ட் வைக்கணுமா?

வேண்டாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் உண்டு. ஐடியாஸ் என்ற இந்திய அளவுகோலை வைத்து டாக்டர்கள் மதிப்பிடுவார்கள். தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது எல்லாம் அதில் வரும். பாதிப்பு 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் சலுகைகளுக்கு வழி உண்டு. ஸ்கேனுக்குப் பதில் பழைய சீட்டுகளையும், வீட்டில் என்ன செய்ய முடிகிறது, எது முடியவில்லை என்ற குறிப்பையும் கொண்டுபோங்கள். ரப்பர் டிஷ் மாதிரியான சம்பவங்களை எழுதி வையுங்கள்.

பயிற்சி கொடுத்தா மாறுமா?

ஓரளவு மாறும். கவனம், நினைவுக்கான படிப்படியான பயிற்சிகள் இருக்கின்றன. பலன் நடுத்தரமானது. வேலைப் பயிற்சியோடு சேர்த்துச் செய்யும்போதுதான் அது அன்றாட வாழ்க்கைக்குள் வருகிறது. பயிற்சிக்குப் பிறகு முன்மூளையின் செயல்பாடு கூடியதைச் சில சிறிய ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செல்போனில் "மூளை விளையாட்டு" விளையாடினால் அந்த விளையாட்டில்தான் கைதேறும், அதற்குக் காசு கட்ட வேண்டாம்.

அப்ப வீட்டுல நாங்க என்னத்த செய்ய?

ஒரு நேரத்தில் ஒன்று சொல்லுங்கள். "கடைக்குப் போயி சாமானம் வாங்கிட்டு, வரும்போது கரண்ட் பில் கட்டிட்டு, மைனி வீட்டுல பாத்திரம் குடுத்திடு" என்பது ஒரே மூச்சில் மூன்று வேலை. எழுதிக் கொடுங்கள், முடித்ததும் அவரே அதைக் கோடு போட்டு அடிக்கட்டும். டி.வி. ஓடும்போது முக்கியமானதைச் சொல்லாதீர்கள். வேலைகளை தினமும் அதே வரிசையில் வைத்தால் மெதுவாகக் கைப்பழக்கமாகிவிடும், அது செயல் நினைவை எதிர்பார்த்து நிற்காது. மாத்திரைக்குக் கிழமை போட்ட டப்பா, செல்போனில் அலாரம். "ஞாபகம் இருக்கா?" என்று சோதித்துப் பார்க்கவே வேண்டாம்.

குலசேகரத்து அப்பா இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார். ஆசிட் விட்டதும் அந்த டிஷ்ஷின் பக்கத்தில் ஒரு சிரட்டையைக் கவிழ்த்துவைக்க வேண்டும். யார் கூப்பிட்டாலும் திரும்பி வந்து சிரட்டையைப் பார்த்தால் போதும். அந்தத் தோட்டத்தில் சத்தம் குறைந்துவிட்டது. ஓயாத குறைகூறலும் திட்டும் உள்ள வீடுகளில் நோய் திரும்புவது அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருப்பதால், சண்டை குறைவதே ஒரு மருத்துவம்தான். அவசரத்துக்குப் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

ஆராய்ச்சிக்குன்னு ஸ்கேன் எடுக்கக் கூப்பிடுதாவ. விடலாமா?

விடலாம், உங்கள் மகனுக்கு விருப்பமிருந்தால். இத்தனை நேரம் சொன்னது எல்லாம் அப்படி முன்வந்தவர்களால் தெரிந்ததுதான். ஆனால் அந்தப் படம் அவருக்கு உடனடி சிகிச்சையைத் தராது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். வேண்டாம் என்று சொல்லவும், பாதியில் எழுந்து வரவும் உரிமை உண்டு. அதனால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. உடம்பில் பேஸ்மேக்கர், கம்பி, பிளேட் இருந்தால், வெல்டிங், லேத் வேலை செய்து கண்ணில் இரும்புத்தூள் பட்டிருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், காந்தம் வலிமையானது. மூடிய இடத்தில் பயம் உண்டா என்பதையும் சொல்லுங்கள். ஒப்புதல் தாள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் தமிழில் கேளுங்கள். வாசித்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, அப்புறம் கையெழுத்துப் போட்டால் போதும்.